நகலும் கூலியும்: மெல்லிசைக் குழுக்களை முன்வைத்து

மெல்லிசைக் குழுக்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் வந்தவற்றைத் தொகுத்தால், என் கண்ணில் பட்டவரை, இரண்டு பக்கம் தேறாது. தேறுகிற இரண்டு பக்கத்திலும் ஒரே தீர்ப்புதான்: சினிமாவின் நகல். எஸ்.பி.பி. மாதிரியே பாட முயல்கிறவன், ரிக்கார்டில் இருப்பதை அப்படியே வாசிக்கிறவன், இவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நானும் இப்படி எழுதினவன்தான். நாட்டார் கலைகளை மீட்கவேண்டும், பறையை மேடையேற்றவேண்டும், ஆர்க்கெஸ்ட்ராவை ஊருக்குள் விடக்கூடாது என்று 90களின் தொடக்கத்தில் ஆவேசமாகப் பேசிய கூட்டத்தில் நானும் இருந்தேன். தெற்கே கோவில் கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இருந்த இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா வந்து உட்கார்ந்துகொண்டது என்பது பொய்யில்லை. ஆனால் அப்படி வந்து உட்கார்ந்தவன் யார், அன்று ராத்திரி வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோனான் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்கவைத்தது ஒரு சின்னச் சம்பவம். அதில் எங்களுக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

1994இல் தென்மாவட்டத்து ஊர் ஒன்றில் நண்பர்கள் சேர்ந்து ஒரு கலை நிகழ்ச்சி நடத்தினோம். நாடகம், பறையாட்டம், கவிதை வாசிப்பு, பாடல்கள். பாடல்களுக்கு வாசிக்க இரண்டு பையன்களைப் பிடித்தோம். ஒருவன் பேஸ் கிட்டார், இன்னொருவன் டிரம்ஸும் பேடும். இருவருக்கும் இருபது வயசுக்குள்தான் இருக்கும். ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்து வருஷம் ஒன்றுகூட முழுசாக ஆகவில்லை. மூன்று நாள் ஒத்திகைக்கு வந்தார்கள், நிகழ்ச்சியன்று விடிய விடிய வாசித்தார்கள். காலையில் பஸ் கட்டணத்தோடு எங்கள் வெளியீடுகள் ஐந்தாறைக் கட்டி ஆளுக்கொரு கட்டாகக் கொடுத்தோம். கிட்டார் பையன் புத்தகக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. நேத்து ராத்திரி எனக்கு ஒரு ரிசப்ஷன் புரோகிராம் இருந்துச்சு. அத விட்டுட்டுத்தான் வந்தேன். இத வச்சு ஒரு செட்டு ஸ்டிரிங் வாங்க முடியுமாண்ணே?" என்றான். எங்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், "தம்பி, இது இயக்கம். காசுக்காகப் பண்றதில்ல" என்றார். பையன் கோபப்படவில்லை. "மைக்செட்டுக்காரருக்கு மட்டும் குடுத்தீங்களே" என்றான்.

கொடுத்திருந்தோம். ஜெனரேட்டர், பந்தல், சுவரொட்டி எல்லாவற்றுக்கும் ரொக்கம். ஒலிபெருக்கிக்கு வாடகை உண்டு, அதன் வழியாக ஒலித்த கைக்குக் கிடையாது. இதை நாங்கள் வெட்கமில்லாமல் செய்தோம் என்று சொல்வதைவிட, கோட்பாட்டின் துணையோடு செய்தோம் என்று சொல்வதுதான் சரி. மார்க்ஸ் 'குருண்ட்ரிஸ்'ஸில் பியானோ செய்கிற தொழிலாளியையும் அதை வாசிக்கிறவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். மூலதனத்தைப் பெருக்குகிறவன் என்பதால் முதலாமவன் உற்பத்தித் தொழிலாளி. இரண்டாமவர் கேட்கிறவருடைய வருமானத்திலிருந்து பணம் வாங்குகிறார், எனவே அந்தக் கணக்கில் வரமாட்டார். இதை நம்மவர்கள் வாசிக்கிறவனுடைய வேலை உழைப்பே இல்லை என்பதாகப் புரிந்துகொண்டார்கள். 'உபரி மதிப்புக் கோட்பாடுக'ளில் அவரே, தன் பாட்டைத் தானே விற்கிற பாடகியை ஒரு முதலாளி சம்பளத்துக்கு அமர்த்திப் பாடவைத்துக் காசு பார்த்தால் அவளும் உற்பத்தித் தொழிலாளிதான் என்கிறார். அதாவது பாட்டு மாறவில்லை, தொண்டை மாறவில்லை, உறவு மாறியிருக்கிறது. மெல்லிசைக் குழுவில் இந்த உறவு என்ன என்பதுதான் பார்க்கவேண்டியது.

ஒரு குழுவின் கணக்கு ஏறக்குறைய இப்படி ஓடும். பேனரில் பெயர் இருக்கிறவர் ஒருவர் இருப்பார். கீபோர்டு, ஆம்ப்ளிஃபையர், சில சமயம் ஸ்பீக்கர் பாக்ஸ்களும் அவருடையவை. 'பார்ட்டி' அவரிடம்தான் பேசும், அட்வான்ஸ் அவரிடம்தான் வரும். பேசின தொகையில் வேனுக்கு, மைக்செட்டுக்கு, பாடகர்களுக்குப் போக மிச்சம் வாத்தியக்காரர்களுக்கு. புதிதாகச் சேர்ந்த பையனுக்கு முதல் சில புரோகிராமில் ஒன்றும் கிடையாது. "கூட வாடா, பழகிக்க" என்பார்கள். பெட்டி தூக்கவேண்டும், ஒயர் சுற்றவேண்டும். அப்புறம் சாப்பாடும் பேட்டாவும். அதற்கப்புறம்தான் பேமெண்ட். அதிலும் சொந்த வாத்தியத்தோடு வந்தால் ஒரு ரேட்டு, வெறுங்கையோடு வந்தால் ஒரு ரேட்டு. கடன்பட்டு ஒரு கிட்டார் வாங்கினால் அந்தக் கடனை அடைக்க எத்தனை கல்யாணம் வாசிக்கவேண்டும் என்று அவன் மனசுக்குள் ஒரு பஞ்சாங்கமே இருக்கும். புரட்டாசியும் மார்கழியும் காய்ந்த மாதங்கள். ஆடியில் கல்யாணம் நின்றுபோனாலும் அம்மன் கோவில்கள் காப்பாற்றும். சர்ச் பாடகர் குழுவில் பழகி வந்தவனுக்கு மார்கழியில் கிறிஸ்துமஸ் உண்டு. தேர்தல் வந்தால் தலைவர் வந்து சேரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்கிற கச்சேரி. அந்தப் பாக்கியை வசூலிப்பது தனிக் கலை. மற்ற நாளில் ஆட்டோ, போட்டோ ஸ்டுடியோ, வெல்டிங் பட்டறை. பகலில் வெல்டிங் அடித்துவிட்டு ராத்திரி டிரம்ஸுக்கு உட்கார்ந்தால் கண்ணில் நீர் வடியும் என்று ஒருவன் சொன்னான். மேடை வெளிச்சம் வேறு.

பேனரில் பெயர் இருக்கிறவரை யாரும் முதலாளி என்று கூப்பிடுவதில்லை. அவர் 'அண்ணன்'. பணம் எவ்வளவு என்று கேட்டால் "அண்ணன் பாத்துக் குடுப்பாரு" என்பான். இந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு அரசியல் பொருளாதாரமே இருக்கிறது. கேட்பதே மரியாதைக் குறைவு, கொடுப்பது அவர் தயவு. அண்ணனும் ஒன்றும் கொழுத்தவர் இல்லை. பார்ட்டி பாக்கி வைத்திருக்கும், கீபோர்டுக்கு அவர் கட்டுகிற தவணை இருக்கும். அவரும் ஒரு காலத்தில் வேறொரு அண்ணனுக்குப் பெட்டி தூக்கினவர். சுரண்டல் இங்கே பாசத்தின் குரலில் பேசுகிறது, பாசமும் முழுப் பொய்யில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஓடிவருகிறவரும் அதே அண்ணன்தான். அதனால்தான் இதை உடைப்பது கஷ்டம். அன்று எங்களிடமும் அந்தப் பையன்கள் "அண்ணே" என்றுதான் பேசினார்கள். நாங்கள் "தம்பி" என்றோம். அந்தச் சொல்லாலேயே கணக்கை முடித்துவிட்டோம்.

சினிமாவுக்குள் நிலைமை வேறாக இருந்தது, அதற்குக் காரணம் சிலர். எம்.பி. சீனிவாசனை நாம் சேர்ந்திசைக்காக, சென்னை இளைஞர் இசைக்குழுவுக்காக நினைவுகூர்கிறோம். 'பாதை தெரியுது பார்' (1960) படத்தின் இசையமைப்பாளர் என்றும் சொல்வோம். 1988இல் லட்சத்தீவில் இறந்துபோன அந்தக் கம்யூனிஸ்ட், சென்னையில் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர்களில் முக்கியமானவர் என்பதை ஏனோ அடிக்குறிப்பாகத்தான் சொல்கிறோம். அந்தப் படத்தை இயக்கிய நிமாய் கோஷும் வங்காளத்திலிருந்து வந்து இங்குள்ள சினிமாத் தொழிலாளர்களைத் திரட்டுவதில் பாடுபட்டவர். வயலின்காரரும் ஒரு தொழிலாளி, அவருக்குக் கால்ஷீட் என்ற நேரக் கணக்கு உண்டு என்பதை ஸ்டுடியோ ஒப்புக்கொண்டது அழகியல் விவாதத்தால் அல்ல. ஸ்டுடியோ ஒரே ஊரில் இருந்தது, தயாரிப்பாளர் யார் என்று தெரியும், சங்கம் வைக்க முடிந்தது. பரமக்குடியிலும் சங்கரன்கோவிலிலும் சிதறிக் கிடக்கிற ஆர்க்கெஸ்ட்ராக்காரன் யாரை எதிர்த்துச் சங்கம் வைப்பான்? அண்ணனை எதிர்த்தா?

சினிமாவோ இவனுக்கு வேறொரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 'நினைத்தாலே இனிக்கும்' (1979) படத்து இளைஞர் குழு சிங்கப்பூர் போகிறது, பாடுகிறது, காதலிக்கிறது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) பரவாயில்லை, அதில் பாடகனுக்கு வறுமை உண்டு. ஆனால் வறுமைக்கு மருந்து ஒரு பெண்ணின் அன்பு வழியாக வருகிற மேடை வாய்ப்பு. வாய்ப்பு வந்தபின் புகழ், புகழுக்குப்பின் நோய், சாவு. வாய்ப்புக்கும் புகழுக்கும் நடுவில் ஒருவன் இருபது வருஷம் வாசித்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற வாழ்க்கை ஒன்று இருக்கிறதே, அது கதையாகாது. 'வாய்ப்பு' என்ற சொல்லை நாம் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். கூலி கேட்கிறவனிடம் வாய்ப்புக் கொடுத்திருக்கிறோமே என்று சொல்ல முடிகிறது. சென்னை சபாக்களிலும் மத்தியானக் கச்சேரிக்கு இளம் வித்வான்கள் இந்தச் சொல்லைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே வீட்டில் சோறு இருக்கும், அதுதான் வித்தியாசம்.

அந்த 1982ஆம் வருஷப் படத்தில்தான் 'இளைய நிலா' பாட்டு. கிட்டார்க்காரன் எவனாவது குழுவில் சேர வந்தால் அதை வாசிக்கச் சொல்லித்தான் சோதிப்பார்கள். பாட்டு யாருடையது என்று நம்மைக் கேட்டால் இளையராஜா என்போம், எஸ்.பி.பி. என்போம், வைரமுத்து என்போம். அந்தக் கிட்டாரை வாசித்தவர் சந்திரசேகர் என்று எனக்குச் சொன்னது எந்த விமர்சகரும் இல்லை, புத்தகக் கட்டைத் திருப்பிப் பார்த்தானே, அந்தப் பையன்தான். கேசட்டை நிறுத்தி, திரும்ப ஓட்டி, நிறுத்தி, ஓட்டி, ஒவ்வொரு சுரமாக விரலுக்குக் கொண்டுவந்ததை அவன் சொன்னபோது, இதற்கு நாம் வைத்த பெயர் 'நகல்' என்று நினைத்துக்கொண்டேன். ஸ்டுடியோவில் வயலின் வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்ததை இங்கே ஒரே கீபோர்டில் ஒருவன் வலது கையில் வைத்துக்கொண்டு, புல்லாங்குழலை இடது கைக்குத் தள்ளிவிடுகிறான். எதை விடலாம், எதை விட்டால் கூட்டம் கண்டுபிடிக்கும் என்று அவன் எடுக்கிற முடிவுகள் விமர்சன முடிவுகள். இசையைக் கேட்பது பின்னடைந்துவிட்டது என்று அடோர்னோ 1938இல் எழுதியதை நாம் மேற்கோள் காட்டுவோம். அவர் கேட்கிறவனைப் பற்றி எழுதினார். கேட்டு எழுதிவைத்து ராத்திரிக்குள் வாசித்தாகவேண்டியவனுடைய காது அவர் கணக்கில் வரவில்லை.

இன்னொன்று. நகலை வெறுத்த நம் இடதுசாரி மேடையே நகலால் வளர்ந்தது. பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் தம்பிகளோடு ஊர் ஊராகப் போய்ப் பாடினபோது ஜனங்களுக்குப் பழக்கமான சினிமா மெட்டுகளில் அரசியல் வரிகளைப் போட்டுத்தான் பாடினார். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அந்தக் குரல் என்ன வேலை செய்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆர்மோனியப் பெட்டியோடு அலைந்த அந்த வீட்டுப் பிள்ளைகள் 60களின் இறுதியில் சென்னைக்கு ரயில் ஏறினபோது கையில் இருந்தது, அம்மா வானொலிப் பெட்டியை விற்றுக் கொடுத்த காசு. இளையராஜாவே பலமுறை சொன்னது இது. இயக்கம் கொடுத்தது கைதட்டல், பெட்டியை விற்றது சின்னத்தாய். அடுத்த தலைமுறையிலும் பாருங்கள். ஆர்.கே. சேகர் 1976இல் இறந்தபின் அவர் குடும்பம் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்தது. அந்த வீட்டுப் பையன் கீபோர்டு வாசிக்கப் போனான், சிவமணி போன்றவர்களோடு 'ரூட்ஸ்' குழுவில் இருந்தான், 1992இல் 'ரோஜா' வந்தது. வாத்தியம் யார் கையில் இருக்கிறதோ அவன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். இந்த இரண்டு கதைகளையும் மேதைமையின் கதைகளாகவே நாம் சொல்லிவருகிறோம்.

2017 மார்ச்சில் தன் பாடல்களை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனது. தமிழ்நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. இசையமைத்தவருக்கா, பாடினவருக்கா? எனக்கு இசையமைப்பாளருடைய உரிமையில் சந்தேகம் ஒன்றும் இல்லை. பல வருஷம் தயாரிப்பாளரும் கேசட் கம்பெனியும் தின்றதைக் கேட்பது நியாயம். ஆனால் அந்த வாதத்தில் மூன்றாவது ஆள் ஒருவன் காணாமல் போயிருந்தான். 1977இல் இந்த உரிமை வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி கிருஷ்ணய்யர், பாட்டுக்கு உயிர் கொடுக்கிற பாடகருக்கு நம் சட்டத்தில் இடமில்லையே என்று வருந்தி எழுதினார். 1994 திருத்தத்தில் நிகழ்த்துநர் உரிமை வந்தது, 2012 திருத்தத்தில் ராயல்டி வந்தது. கால்ஷீட் பணத்தோடு எழுந்துபோன ஸ்டுடியோ வாத்தியக்காரரையும், அவர் வாசித்ததை வருஷக்கணக்காக ஊர் ஊராக உயிரோடு வைத்திருந்த ஆர்க்கெஸ்ட்ராக்காரனையும் இந்தச் சட்டவரிகளுக்குள் தேடிப் பாருங்கள். ராயல்டி மேலே போகிற பாதை சட்டத்தில் இருக்கிறது. கீழே வருகிற பாதையை யாரும் போடவில்லை.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆக்டோபேட் வந்து தபேலா, டோலக், காங்கோ மூன்றையும் ஒரே ஆள் ஆக்கியது. பின்னால் கரோக்கே ட்ராக் வந்து அந்த ஒரு ஆளையும் பென் டிரைவ் ஆக்கியது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்து மணியோடு ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னதில் விடிய விடியக் கச்சேரி சுருங்கிப்போனது. தூங்குகிறவர்கள் பக்கம் நியாயம் உண்டு, நான் அதை எதிர்க்கவில்லை. சுருங்கின மணி நேரத்துக்கு ஏற்பப் பேமெண்ட்டும் சுருங்கியது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இனி அந்த டிரம்ஸ் பையனிடம் வருகிறேன், அவனை இதுவரை பேசவிடவில்லை. 1994 ஒத்திகையின்போது நான் அவனிடம், "உங்கப்பா பறை அடிக்கிறவர்னு சொன்னியே, நீ ஏன் மேடையில பறை அடிக்கக்கூடாது?" என்று கேட்டேன். மீட்டெடுக்கிற உற்சாகம் எனக்கு. அவன் குச்சியைக் கீழே வைக்காமல் பதில் சொன்னான்: "அத விடுறதுக்குத்தானேண்ணே இத பழகுனேன்." அவன் அப்பா ஊர்ச் சாவுக்கெல்லாம் போயாகவேண்டியவர். மாட்டேன் என்று சொல்ல முடியாது, இவ்வளவு வேண்டும் என்றும் கேட்க முடியாது. தஞ்சைப் பக்கம் ஊழியச் சாதிகளுக்குக் களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்லுக்குச் 'சுதந்திரம்' என்றுதான் பெயர் இருந்தது. மறுக்க முடியாத வேலைக்குக் கொடுத்ததன் பெயர் சுதந்திரம்! அன்று எங்கள் மேடையில் பறை விடுதலையின் குறியீடாக முழங்கிக்கொண்டிருந்தது. அதில் பிழையில்லை, அந்தக் குறியீடு தேவைப்பட்டது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக்கையும் பறையையும் ஒரே மேடையில் நிறுத்தினபோது நான் சந்தோஷப்பட்டவன். ஆனால் பேடைத் தட்டுகிற பையன் விடுதலையை வேறொரு இடத்தில் தேடிக்கொண்டிருந்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு, தேதி குறித்து, பிடிக்காத ஊருக்கு வரமுடியாது என்று சொல்லக்கூடிய இடம் அது. வேனிலிருந்து இறங்கினதும் எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துச் சாப்பாட்டு இலையைத் தள்ளிப் போட்ட கொடைகளும் அவன் அனுபவத்தில் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா அவனுக்குச் சொர்க்கம் இல்லை. திரும்பிப் போகக்கூடிய வேன் ஒன்று வெளியே நின்றது, அவ்வளவுதான்.

2019இல் நாங்கள் மறுபடி ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். இந்தத் தடவை புத்தகக் கட்டு கிடையாது, முன்கூட்டியே தொகை பேசினோம். அவனுக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது, இரண்டு ஸ்பீக்கர் செட் சொந்தமாக வைத்திருந்தான், அவனைச் சில பையன்கள் அண்ணன் என்று கூப்பிட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நான் வவுச்சர் எழுதினேன். 'சன்மானம்' என்று போடக்கூடாது, அது தயவின் சொல் என்று முன்பே முடிவு செய்திருந்ததால் 'இசைக் கலைஞர் கூலி' என்று தெளிவாக எழுதி நீட்டினேன். இத்தனை வருஷத்துக்கு ஒரு சொல்லையாவது நேராக்கிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அவன் படித்துவிட்டுப் பேனாவைக் கையில் வாங்காமல் நின்றான்.

"கூலின்னு போடாதீங்கண்ணே. கூலி எங்கப்பா வாங்குனது. எனக்குப் பேமெண்ட்டுன்னு போடுங்க."

உழைப்பின் சொல் கௌரவமான சொல், அதை நாம்தான் நிமிர்த்தவேண்டும் என்றெல்லாம் சொல்ல என்னிடம் வாதம் தயாராக இருந்தது. ஆனால் கூலி என்ற சொல்லை நான் சங்கக் கூட்டங்களில் கற்றேன், அவன் சாவு வீட்டு வாசலில் கற்றவன். இரண்டும் ஒரே சொல் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் ஊர் ஞாபகம் கிடையாது, அதற்காகத்தான் அவன் அதைக் கேட்டான் என்று எனக்குப் படுகிறது. அடித்துத் திருத்தினால் கணக்குப் பார்க்கிற தோழர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதால், புது வவுச்சர் ஒன்று கிழித்து எழுதிக் கொடுத்தேன்.